கல்லும் உருக்கும் கொங்கிறீற்றும்

“வீட்டைக் கட்டிப்பார்; கலியாணத்தைச் செய்துபார்” என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டப் புகுவோர் செலவையும் அறைகளின் எண்ணிக்கையையும் பலமுறை கணக்கிடுவர். ஆனால், சுவரும் கூரையும் எப்பொருளால் ஆனவை, அவை தம் பாரத்தை எவ்வாறு தாங்குகின்றன என்று சிந்திப்போர் சிலரே. ஒரு கட்டடத்தினுள் நாம் உணர்வது குளிர்ச்சியா புழுக்கமா, வெளிச்சமா இருளா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இவ்விரண்டுமே. இவ்வுண்மையை அறிய நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை ஒருமுறை சுற்றிவந்தால் போதும்.

கல்லின் இயல்பு

முதலில் பிரட்றிக் கோட்டைக்குச் செல்வோம். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக்கொண்டு இங்கே கோட்டை எழுப்பினர். வாயிலில் பொறிக்கப்பட்டுள்ள இணைக்கயல் சின்னம் அக்கதையை இன்றும் நினைவூட்டுகின்றது. பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கோட்டையைத் தத்தம் தேவைக்கேற்ப மாற்றி வலுப்படுத்தினர்.

கல், தலைமேல் ஏற்றும் பாரத்தைப் பொறுமையுடன் சுமக்கும். ஆனால் இழுத்தாலோ வளைத்தாலோ பிளந்துவிடும். ஆதலால், கல்லால் கட்டுவோர் சுவரைத் தடிப்பாக்கினர், திறப்புகளைச் சிறியனவாக்கினர், அகன்ற வாயில் வேண்டுமிடத்துக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்குமாறு வில்வடிவில் அடுக்கினர். கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதத்து நண்பகலில் அத்தகைய தடித்த சுவர்களுக்கிடையே நின்று பாருங்கள். வெயிலின் கொடுமை குறைந்து உடல் குளிர்கின்றது, வெளியோசை அடங்குகின்றது. பகல்வெப்பம் தடித்த சுவரைக் கடந்து உள்ளே வருவதற்குப் பல மணிநேரம் ஆவதே இதற்குக் காரணம். அக்குளிர்ச்சிக்கு விலையாக நாம் கொடுப்பது வெளிச்சத்தை!

உருக்கின் இயல்பு

அடுத்துச் சீனன்குடாவுக்கு வருவோம். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயர் தம் கடற்படைக்காக அமைத்த எண்ணெய்க் குதங்கள் இங்கே காட்டிடையே நிற்கின்றன. இன்று எண்ணப்படுபவை 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் எண்ணெய் கொள்ளும்.

இத்துணை எண்ணெயைத் தாங்கும் சுவர் கோட்டைச் சுவர்போல் தடிப்பானதன்று. குதத்தின் அகலத்தோடு ஒப்பிட்டால் வெறும் தோல் போன்றதே. இஃதெங்ஙனம் இயலும்? உள்ளிருக்கும் எண்ணெய் நாற்புறமும் ஒரே அளவாய்த் தள்ளுகின்றது. சுவர் வட்டமாயிருப்பதால் அத்தள்ளுகை முழுவதும், பீப்பாயைச் சுற்றிய இரும்புப் பட்டத்தைப்போல், உருக்குத் தகட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுகின்றது. கல் அஞ்சும் இழுவிசையே உருக்குக்கு எளிதான வேலை! பொருளின் இயல்பை அறிந்தவன் வடிவைத் தேர்ந்தான். வடிவு பொருளைச் சிக்கனமாக்கியது.

எனினும், உருக்குக்கும் ஒரு பகை உண்டு. 1942 ஏப்பிரல் 9-ஆந் திகதி ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது, அவர்களுடைய விமானமொன்று இக்குதங்களுள் ஒன்றன்மீது வீழ்ந்தது. தீ பல நாட்கள் எரிந்தது. 600 பாகை சென்ரிகிரேட் அளவில் உருக்குத் தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். போரில் எரிந்த அக்குதத்தின் உருக்குலைந்த தகடுகள் இதற்குச் சான்று.

இரண்டும் சேர்ந்த துணை

நெருக்கத்தைத் தாங்கும் கல்லின் குணத்தையும், இழுப்பைத் தாங்கும் உருக்கின் குணத்தையும் ஒன்றாக்கியதே கம்பியிட்ட கொங்கிறீற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வளர்ந்த இம்முறை இன்று நம் ஊரெங்கும் பரவிவிட்டது. சூடேறும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால் இவ்விணைப்புப் பிரிவதில்லை. பாதைப் படகை எதிர்பார்த்து மக்கள் காத்திருந்த கிண்ணியாத் துறையில், 2009-இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டதும் இத்தொழில்நுட்பத்தின் பயனே.

வீட்டிலும் இது பெருமாற்றம் செய்தது. தூண்களும் உத்திரங்களும் எலும்புக்கூடுபோல் பாரத்தைச் சுமப்பதால், சுவர் சுமையிலிருந்து விடுதலை பெற்றது. விரும்பிய இடத்தில் விரும்பிய அளவில் யன்னல் வைக்கலாம். ஆனால் நம்மிற் பலர் அவ்விடுதலையைப் பயன்படுத்தாது, சிறு யன்னலும் தாழ்ந்த கொங்கிறீற்றுத் தட்டுமாய்க் கட்டிவிட்டு, இரவெல்லாம் மின்விசிறியின் கீழ்ப் புழுங்குகின்றோம். பகலில் வெயிலை உண்ட தட்டு, நாம் உறங்கும் வேளையில் அவ்வெப்பத்தைக் கீழே சொரிகின்றது. நம் பாட்டனார் வீட்டு ஓட்டுக்கூரையோ உயர்ந்து நின்று, இடுக்குகளினூடே வெப்பக்காற்றை வெளியேற்றியது. விறாந்தை சுவரை நிழலில் வைத்தது.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. கடற்காற்றின் உப்பும், கழுவாத கடல்மணலின் உப்பும் கொங்கிறீற்றினுள் ஊடுருவிக் கம்பியைத் துருவாக்கும். துரு, தான் தின்ற உருக்கைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளும்; எனவே கொங்கிறீற்று உள்ளிருந்தே வெடிக்கும். கூரைத்தட்டிலிருந்து காரை பெயர்ந்து, கீழே விளையாடும் குழந்தையின் தலையில் விழும்வரை இந்நோயை நாம் கவனிப்பதில்லை.

ஆகவே, கடலோரத்தில் வீடு கட்டுவோர் சிலவற்றை வற்புறுத்திக் கேட்டல் வேண்டும். மணலும் நீரும் உப்பற்றனவாய் இருத்தல் வேண்டும். வெளிப்புறக் கம்பிகளுக்கு மேல் ஏறக்குறைய இரண்டு அங்குலக் கொங்கிறீற்று மூடியிருத்தல் வேண்டும். வார்த்த தட்டை ஒரு வாரத்துக்குக் குறையாது ஈரம் காயாமற் காத்தல் வேண்டும். தட்டுக்கு மேல் நிழலும், சுவருக்கு வெளியே விறாந்தையும், காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற எதிரெதிர் யன்னல்களும் அமைத்தல் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, முகப்பு அலங்காரத்துக்கு நாம் செய்யும் செலவிலும் பெரிதன்று.

மாணவர்களே! அடுத்தமுறை கோணேசர் மலைக்குச் செல்லும்போது கோட்டைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். மாலையில் வீடு திரும்பியதும் உங்கள் கூரையை அண்ணாந்து பாருங்கள். அங்கே துருக்கறையோ வெடிப்போ கண்டால், நாளை பார்ப்போம் என்றிராது அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள்.