பசை தடவும் முன் ரகம் பார்ப்போம்

பூண்டு வியாபாரம் செய்யும் நமக்கும் காரின் உட்புற பிளாஸ்டிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். வடுகபட்டியில் பூண்டை மூட்டை கட்டும் முன் தரம் பிரிக்கிறோம். பெரிய பல், சிறிய பல், காய்ந்தது, ஈரம் உள்ளது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் விலையும் போகும், பெயரும் போகும். உடைந்த பிளாஸ்டிக்கும் அப்படித்தான். அது எந்த ரகம் என்று பார்க்காமல் பசை தடவினால் காசும் போகும், பொருளும் போகும். இதை நாம் நஷ்டப்பட்டே தெரிந்துகொண்டோம்.

நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் பெங்களூருவில் வேலை பார்க்கிறார். ஆசைப்பட்டுப் பழைய சான் ஸ்டார்ம் ஒன்றை வாங்கி ஊருக்கு ஓட்டி வந்தார். 1998இல் நம் நாட்டில் தயாராகி வந்த, இருவர் மட்டும் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் அது. ரெனோ என்ஜின், துணிக் கூரை. அதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஒயர் ஒன்றைச் சரிசெய்ய, டேஷ்போர்டில் உள்ள சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்பினார். சட்டம் இரண்டாகப் பிளந்து, திருகு மாட்டும் காதுகளும் ஒடிந்தன.

ஒரு கடையில் உடனே ஒட்டும் பசை கொடுத்தார்கள். ஒரு வாரம் வெயிலில் நின்றதும் விட்டுவிட்டது. முன்பக்கம் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைத் தழும்பும் விழுந்தது. சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் ஆள் விட்டுத் தேடியும் அந்தச் சட்டம் கிடைக்கவில்லை. கடைசியில் மதுரையில் பிளாஸ்டிக் அச்சுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, "இது என்ன பிளாஸ்டிக்?" என்றுதான். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

பிளாஸ்டிக் ஏன் உடைகிறது? வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதன் நீண்ட இழைகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரில் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியசையும் தாண்டிச் சுடும். தினமும் சுட்டுத் தினமும் ஆறினால் பொருள் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஆகவே பழைய வண்டியில் எதையும் விடியற்காலைக் குளிரில் நெம்பக் கூடாது. சற்று வெயில் ஏறி இளஞ்சூடு வந்தபின், பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புக்கு அருகில் மெதுவாகத் தூக்க வேண்டும்.

ரகம் பார்ப்பது எப்படி? துண்டின் பின்பக்கத்தில் ஏபிஎஸ், பிபி, பிவிசி என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கலாம். இல்லையென்றால் சிறு துணுக்கு ஒன்றைத் தண்ணீரில் போடலாம். பிபி எனப்படும் பாலிபுரொப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். ஆனால் டால்க் பொடி கலந்த பிபியும் மூழ்கக்கூடும். அதனால் மறைவான இடத்தில் அசிட்டோன் ஒரு சொட்டு விட்டும் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பிபிக்கு ஒன்றும் ஆகாது.

நம் சட்டம் ஏபிஎஸ் என்று தெரிந்தது. பெரியவர் செய்த முறை எளியது. உடைந்த ஏபிஎஸ் துணுக்குகளைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி மூடி, ஓர் இரவு வைத்தார். காலையில் இட்லி மாவுப் பதத்தில் குழம்பாகிவிட்டது. விரிசலின் முனையில் சிறு துளை போட்டால் அது மேலும் ஓடாது. பின்பக்கம் விரிசல் நெடுகக் காடி வெட்டி, குழம்பை மெல்லிய பூச்சாகப் பலமுறை தடவி, இரண்டு நாள் காயவிட்டார். இங்கே பசை என்று தனியாக ஒன்று இல்லை. அதே பிளாஸ்டிக் அதே பிளாஸ்டிக்கோடு கலந்து ஒன்றாகிறது. முன்பக்கத்தை உரசினால் அதன் சொரசொரப்பு போய்விடும் என்று அங்கே கையே வைக்கவில்லை. திருகுக் காதுகளுக்கு மட்டும், பின்னால் கண்ணாடியிழைத் துணி வைத்து இரு டியூப் எபாக்சி பூசினார். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட, ஒரு நாள் எடுத்து இறுகும் வகையே பொதுவாகச் சூட்டுக்கு நன்றாகத் தாங்கும்.

பிபி என்றால் இந்த வழி பலிக்காது. சாதாரணப் பசை எதுவும் அதைப் பிடிக்காது. நம் கடைகளில் உள்ள பிளாஸ்டிக் கூடைகளும் வாளிகளும் ஒட்ட ஒட்ட விட்டுப்போவது இதனால்தான். பிபியைப் பிபித் துண்டால்தான் சூடுவைத்து உருக்கி இணைக்க வேண்டும். கையில் கிடைத்த கேபிள் டையை உருக்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. அது நைலான், பிபியோடு கலக்காது.

மூன்று எச்சரிக்கை. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். விளக்கு, அடுப்பு பக்கத்தில் வைக்கக் கூடாது, காற்றோட்டமான இடத்தில்தான் திறக்க வேண்டும். பிவிசியைச் சூடாக்கினால் நச்சுப் புகை வரும், அதை உருக்கவே கூடாது. பிற்கால வண்டிகளில் ஏர்பேக் மூடி உடைந்திருந்தால் ஒட்டக் கூடாது. விபத்தின்போது அது குறித்த கோட்டில் கிழிந்து திறக்க வேண்டும். ஒட்டினால் உயிருக்கே ஆபத்து, மாற்றுவது ஒன்றே வழி.

நமக்குப் பழுதுபார்ப்புக்கு ஆன செலவு, அலைந்த செலவில் கால் பங்குகூட இல்லை. சட்டம் இரண்டு கோடை கடந்தும் உறுதியாக இருக்கிறது. வெள்ளைத் தழும்பு மட்டும் போகவில்லை.

ஹார்டுவேர், ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சகோதர வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பசை கேட்டு வருபவரிடம், "எதை ஒட்டப் போகிறீர்கள், துண்டு கையில் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிபி என்றால், "இதற்கு இந்தப் பசை ஆகாது" என்று சொல்லிவிடுங்கள். அன்று ஒரு டியூப் விற்காமல் போகலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் அடுத்த முறையும் நம் கடைப்படிதான் ஏறுவார்.