ஒரு மாதம் தவறினால்

பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் நம் சனம் முதலில் விதானையாரிடம் ஓடும். பிறகு எம்.பி.யிடம், பிறகு சாத்திரம் கேட்க. சட்டத்தரணியின் கதவைத் தட்டும்போது நாற்பது நாள் போயிருக்கும். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை.

'அவசரகாலம், கோட்டுக்குப் போய் என்ன பயன்?' என்பார்கள். இலங்கையில் 1983 முதல் 2011 வரை சிறு இடைவெளிகளோடு அவசரகாலம்தான். 2019இலும் 2022இலும் மறுபடி வந்தது. அப்போதும் நீதிமன்றம் திறந்தே இருந்தது. 2022 ஜூலைப் பிரகடனமே அடிப்படை உரிமை மீறல் என்று 2025இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. சித்திரவதைக்கு எந்த அவசரகாலத்திலும் அனுமதி இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டமோ அவசரகாலம் இல்லாமலே பாயும். 1979இல் தற்காலிகம் என்று வந்தது, 1982இல் நிரந்தரமானது.

கைது நடந்த அன்றே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். முடியாவிட்டால் 1996க்கு அழையுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால விதிகளின் கீழோ நடக்கும் கைதை 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது அதிகாரிகளின் கடமை. அவர்கள் செய்வார்கள் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். முறைப்பாட்டில் நேரம், இடம், வாகன இலக்கம், வந்தவர்கள் சீருடையா சிவிலா, பார்த்த அயலவர் பெயர் எல்லாம் வேண்டும். 'நேற்றுப் பின்னேரம் கொண்டு போனார்கள்' என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் படி இறங்காதீர்கள். பொலிஸ் நிலையத்தில் 'இங்கே இல்லை' என்றால், சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையாகவே நடப்பதை நீதிமன்றம் கேட்கும். ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு வையுங்கள். ஆணைக்குழுவை மட்டும் நம்பி மாதத்தைக் கடத்தாதீர்கள்.

ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்; கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்கள் மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம். உள்ளே இருப்பவர் தானே உயர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதலாம். அதையே மனுவாக ஏற்ற வழக்குகள் உண்டு. அடுத்த முறை பார்க்கப் போகும்போது இதை அவரிடம் சொல்லுங்கள்.