மேய்ந்து வந்த மாடு ஏன் சுவரை நக்குகிறது?



போன வருடம் ஆடி மாதம் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் தவணை வசூல் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் பணம் வைத்துவிட்டார்கள். ஒரு சகோதரி மட்டும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். என்னம்மா என்று கேட்டோம்.

"நாலு ஊசி போட்டாச்சு, மாடு சினை நிக்கலை. பாலும் வத்திப்போச்சு. தரகர் வந்து பாதி விலைக்குக் கேக்குறாரு. வித்துட்டா கடனை எதை வச்சுக் கட்டுவேன்?" என்று அழுதார்.

கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனோம். மாடு அப்போதுதான் ஏரிக்கரையில் மேய்ந்துவிட்டு வந்திருந்தது. வயிறு நிறைந்துதான் இருந்தது. ஆனால் கட்டிய உடனே மண் சுவரை நக்க ஆரம்பித்தது. கீழே கிடந்த கிழிந்த துணியை எடுத்து மென்றது. ரோமம் பளபளப்பு இல்லாமல் முரட்டுத்தனமாக நின்றது. "அதுக்கு அது ஒரு கெட்ட பழக்கம்" என்றார் அந்த சகோதரி. மறுநாள் வந்து பார்த்த கால்நடை மருத்துவர், "பழக்கம் இல்லைம்மா, உடம்பில் தாது உப்பு குறைஞ்சிருக்கு. அது தேடுது" என்றார்.

நமக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மாட்டுக்குக் கடன் கொடுக்கும்போது விலை பேசினோம், இன்சூரன்ஸ் பேசினோம், காது வில்லை பேசினோம். தாது உப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

தாது உப்பு என்றால் என்ன?

நாம் சாப்பாட்டில் போடும் கல் உப்பு மட்டும் தாது உப்பு இல்லை. சுண்ணாம்புச் சத்து, மணிச்சத்து, துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, கோபால்ட், அயோடின் என்று பல சத்துகள் மாட்டுக்குத் தேவை. சிலது தினமும் கிராம் கணக்கில் வேண்டும். சிலது கடுகளவுக்கும் குறைவாக இருந்தால் போதும். ஆனால் அந்தக் கடுகளவு இல்லாவிட்டாலும் உடம்பு ஓடாது. இவற்றைச் சரியான அளவில் கலந்து பொடியாக விற்பதுதான் தாது உப்புக் கலவை.

மேய்ச்சலில் கிடைக்காதா?

"எங்க பாட்டி காலத்துல இதெல்லாம் யாரு போட்டா?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பாட்டி காலத்து நாட்டு மாடு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் கறந்தது. பல விதமான புல், செடி, இலை தழை மேய்ந்தது. இன்று நாம் வளர்ப்பது கலப்பின மாடு. எட்டு லிட்டர், பத்து லிட்டர் கறக்கிறோம். மேய்ச்சல் நிலமோ சுருங்கிவிட்டது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நெல் வயலுக்கு ஜிங்க் சல்பேட் போடச் சொல்கிறார்களே, ஏன்? மண்ணில் துத்தநாகம் குறைவு. மண்ணில் இல்லாதது புல்லில் இருக்காது. புல்லில் இல்லாதது மாட்டுக்கு எங்கிருந்து வரும்? அதுவும் கோடையில் புல் முற்றிக் காய்ந்துவிட்டால் அதில் உள்ள மணிச்சத்து மிகவும் குறைந்துவிடும். வைக்கோலில் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. அது இருக்கிற கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் வயிறு நிறையும், சத்து நிறையாது.

எலும்பு ஒரு சேமிப்புக் கணக்கு

ஒரு லிட்டர் பாலில் சுமார் 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எட்டு லிட்டர் கறந்தால் தினமும் ஏறக்குறைய 10 கிராம் பாலோடு வெளியே போகிறது. தின்னும் தீவனத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து முழுவதும் உடம்பில் சேராது. பாதி சேர்ந்தாலே பெரிது. ஆகவே பாலுக்கு மட்டுமே 20 கிராமுக்கு மேல் உள்ளே போக வேண்டும்.

போகாவிட்டால் மாடு என்ன செய்யும்? எலும்பில் சேர்த்து வைத்திருப்பதை எடுத்துப் பாலில் விடும். நம் குழுக் கணக்கு மாதிரிதான். சேமிப்பு போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் கணக்கு காலியாகும். மாட்டின் கணக்கு காலியாகும்போது பால் குறையும், பருவம் தள்ளிப்போகும், சினை நிற்காது.

குறை இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

* சுவர், மண் நக்குதல். துணி, காகிதம், எலும்பு மெல்லுதல்.
* ரோமம் முரடாகி நிறம் மங்குதல், தோல் தடித்து உரிதல்.
* கிடேரி வயது வந்தும் பருவத்துக்கு வராமை.
* கன்று போட்டு மூன்று மாதம் ஆகியும் கத்தாமை, திரும்பத் திரும்ப ஊசி போட்டும் சினை நிற்காமை.
* கன்று போட்ட சில வாரங்களில் சிறுநீர் காப்பித்தண்ணி நிறத்தில் போதல். இது மணிச்சத்துக் குறைவாலும் வரும், உண்ணிக் காய்ச்சலாலும் வரும். ஒரு நாள்கூட தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.
* கன்று போட்டவுடன் மாடு எழ முடியாமல் கழுத்தை மடக்கிப் படுத்துவிடுதல். இது பால் காய்ச்சலாக இருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும், உடனே சிகிச்சை வேண்டும்.

எலும்பு மெல்லும் மாட்டைச் சும்மா விடாதீர்கள். செத்த கால்நடையின் எலும்பில் நோய்க்கிருமியும் விஷமும் இருக்கலாம். அதனால் மாடே செத்துப்போவதுண்டு.

எவ்வளவு கொடுக்கலாம்?

ஒரு நாளைக்கு, கன்றுக்கு 5 முதல் 10 கிராம். கிடேரிக்கு 15 முதல் 20 கிராம். பால் வற்றிய மாட்டுக்கு 25 முதல் 30 கிராம். கறவை மாட்டுக்கு 30 முதல் 40 கிராம். வெள்ளாட்டுக்கு 5 முதல் 10 கிராம். பையில் வேறு அளவு எழுதியிருந்தால் பையில் உள்ளபடியே கொடுங்கள். கறவைக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். உழவு மாடு, வளர்த்து விற்கும் காளைக்கன்று இவற்றுக்கும் வேண்டும்.

வீட்டில் தராசு இல்லையா? மளிகைக் கடையில் ஒரு தடவை 40 கிராம் நிறுத்து, ஒரு சின்ன டப்பாவில் கொட்டி, அது நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அதுதான் உங்கள் அளவு.

கழுநீரில் கொட்டினால் கலவை அடியில் தங்கிவிடும். மாடு மேல் தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடும். ஆகவே தவிடு, பிண்ணாக்கைக் கெட்டியாகப் பிசைந்து அதில் கலந்து வையுங்கள். நாள் முழுவதும் மேயும் ஆடு மாடுகளுக்குக் கொட்டகையில் தாது உப்புக் கட்டியைத் தொங்கவிடலாம். மழை படாத இடமாக இருக்கட்டும்.

கூடவே அகத்தி, சூபாபுல், வேலிமசால், காராமணிக் கொடி போட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். தவிட்டில் மணிச்சத்து உண்டு. இரண்டும் சேர்ந்தால் நல்லது. ஆனாலும் இவை தாது உப்புக் கலவைக்கு ஈடாகாது.

கவனம் தேவை

முதலில் மருத்துவரிடம் கேட்டுக் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். புழுவுக்கு நாம் ஏன் சோறு போட வேண்டும்?

கர்ப்பப்பையில் புண், சீழ் இருந்தாலும் சினை நிற்காது. அதை உப்பு சரிசெய்யாது. பரிசோதனை அவசியம்.

மாட்டுக்கு உள்ள கலவையைச் செம்மறி ஆட்டுக்குப் போடாதீர்கள். செம்மறி தாமிரத்தைத் தாங்காது.

உரக்கடை சூப்பர் பாஸ்பேட்டை "இதுவும் மணிச்சத்துதானே" என்று போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள புளோரின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும்.

நிறைய பால் கறக்கும் மாடு நிறைமாதச் சினையாக இருந்தால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். கன்று போடுவதற்கு முன் சுண்ணாம்புச் சத்து அதிகமானாலும் பால் காய்ச்சல் வரும்.

எதை வாங்குவது?

பையில் ஐ.எஸ். 1664 என்ற தர எண் இருக்கிறதா பாருங்கள். உப்பு சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு வகை உண்டு. சேர்க்காத வகையானால் தினம் 30 கிராம் சாப்பாட்டு உப்பு தனியாகக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'தானுவாஸ்' என்ற பெயரில் கலவை தயாரிக்கிறது. ஆவின் பால் சங்கத்திலும் கேட்டுப்பாருங்கள்.

செலவுக் கணக்கு

தினம் 40 கிராம் என்றால் மாதம் 1.2 கிலோ. உங்கள் ஊர் விலையை 1.2 ஆல் பெருக்கினால் மாதச் செலவு. மாடு ஒரு பருவம் தவறினால் 21 நாள் வீண். அந்த 21 நாளும் தீவனம் போட வேண்டும், அடுத்த ஈற்றும் தள்ளிப்போகும். இரண்டு செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

குழுவில் 25 கறவை மாடு இருந்தால் மாதம் 30 கிலோ வேண்டும். சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். ஈரம் படாத மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும்.

அந்த சகோதரியின் மாடு?

மாட்டை விற்க வேண்டாம் என்று குழு சொன்னது. தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்துத் தீர்மானம் எழுதினார்கள். மருத்துவர் சொன்னபடி புழு மருந்து கொடுத்தார், தினமும் தாது உப்பு போட்டார். ஒரு மாதத்தில் சுவர் நக்குவது நின்றது. ஐப்பசியில் போட்ட ஊசி நின்றது. தையில் சோதித்த மருத்துவர் மூன்று மாதச் சினை என்றார். தள்ளிவைத்த தவணையையும் அவர் கூலி வேலைக்குப் போய்க் கட்டிவிட்டார்.

எல்லா மாடும் இப்படித் தேறும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் விற்பதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டாமா? அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள். எத்தனை பேர் வீட்டில் மாடு சுவரை நக்குகிறது என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இனி மாட்டுக் கடன் கொடுக்கும் குழு எதுவானாலும், முதல் மாதத் தாது உப்பையும் சேர்த்தே கடன் தொகையைப் போடுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்யப்போகிறோம்.