வேலை வாங்கிய வண்டி

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங், கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் பண்ணைக் குடும்பங்கள் சொல்லும் பழங்கதைகளில், தாத்தா பாட்டிக்கு அடுத்த இடம் பல நேரம் ஒரு வண்டிக்குக் கிடைத்துவிடும். அது சொகுசுக் காராக இருப்பது அபூர்வம். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய பிக்கப்பாகவே இருக்கும்: டாட்ஜ் பவர் வேகன், வில்லிஸ் ஜீப் டிரக், அல்லது முன் சக்கரங்களுக்கும் இழுவை கொடுத்து மாற்றியமைத்த செவர்லே. அதற்குப் பிறகு அதே வீட்டுக்கு எத்தனையோ கார்கள் வந்து போயிருக்கும். அவற்றின் நிறம்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. பழைய பிக்கப்பின் கியர் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கும் என்பது மட்டும் பேரன் வரைக்கும் தெரியும். பழசின் மேல் உள்ள மோகம் என்று இதைத் தள்ளிவிடலாம். அப்படியானால் பழைய கார்களின் மேலும் அதே மோகம் வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை? விடை வண்டியின் வயதில் இல்லை, குணத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். அது தனி ஆளுக்கு அடங்காத வண்டி. வீட்டிலிருந்த ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒரு வேலையை வாங்கிக்கொண்டுதான் ஓடியது.

இந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இது விளங்கும். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு ஆலைகள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. டாட்ஜ் அதைவிடக் கனமான ராணுவ லாரிகளைச் செய்தது. சேற்றிலும் பனியிலும் அவற்றை ஓட்டிப் பழகிய சிப்பாய்களில் பலர் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். ஊர் திரும்பியவர்களுக்கு அதே போன்ற வண்டி தேவைப்பட்டது. 1946-ல் டாட்ஜ் தன் ராணுவ லாரியின் அடிச்சட்டத்தின் மேல் போருக்கு முந்தைய ஓட்டுநர் கேபினை ஏற்றி, எட்டடி நீளப் பின்தொட்டியைப் பொருத்தி, பவர் வேகன் என்று பெயரிட்டு விற்பனைக்கு விட்டது. ஒரு டன் ரகம். ஆறு சிலிண்டர், 94 குதிரைத்திறன். அடுத்த ஆண்டே வில்லிஸ் தன் ஜீப் டிரக்கைக் கொண்டுவந்தது. மினியாபொலிஸ் நகரில் இருந்த நாப்கோ நிறுவனம், சாதாரண செவர்லே பிக்கப்பை நான்கு சக்கர இழுவைக்கு மாற்றும் உபகரணத் தொகுப்பை விற்றது. 1957-ல் அதைச் செவர்லே ஆலையிலேயே பொருத்திக் கொடுக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது.

அன்றைய கிராமத்தின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1935-ல் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. பண்ணைகளில் டிராக்டர்களின் எண்ணிக்கை குதிரை, கோவேறு கழுதைகளின் எண்ணிக்கையைத் தாண்டியதே 1954-ல்தான். ஆக, இந்த பிக்கப் வந்து நின்றது காரின் இடத்தில் என்பதைவிடக் குதிரையின் இடத்தில் என்று சொல்வதே பொருந்தும். எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்துக் கொடுக்கும் தண்டு ஒன்றைப் பவர் வேகனில் பொருத்திக்கொள்ளலாம். அதில் பட்டையை மாட்டினால் மரம் அறுக்கும் வாளும் ஓடும், தண்ணீர்ப் பம்பும் ஓடும். முன்னால் கம்பியைச் சுற்றி இழுக்கும் வின்ச் இருந்தால் வேரோடு கட்டையைப் பிடுங்கலாம், தகடு மாட்டினால் பனியைத் தள்ளலாம். அதே வண்டிதான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போனது. குதிரையைப் போல அதையும் தினம் கவனிக்க வேண்டியிருந்தது. கவனிப்பு ஒருவர் கையில் மட்டும் இருக்க முடியவில்லை.

இன்றைய வண்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கத் தொடங்கும். அன்று அப்படி இல்லை. தேவையில்லாதபோது முன் சக்கரங்களோடு சேர்ந்து முன் அச்சும் சும்மா சுற்றி எரிபொருளைத் தின்னாமல் இருக்க, சக்கர மையத்தில் திருகிப் பூட்டும் ஹப் ஒன்று வந்தது. போரில் மிஞ்சி விற்பனைக்கு வந்த ஜீப்புகளுக்காக 1948-ல் ஆர்தர் வார்ன் தொடங்கிய நிறுவனம் இதைப் பரவலாக்கியது. சேறு வந்தால் யாராவது இறங்கி, இரு பக்கமும் குனிந்து அதைத் திருக வேண்டும். தார்ச்சாலைக்கு வந்ததும் நான்கு சக்கர இழுவையை நினைவாக விடுவிக்க வேண்டும். முன் சக்கரமும் பின் சக்கரமும் திருப்பத்தில் ஒரே தூரம் ஓடுவதில்லை. வழுக்காத தரையில் இரண்டையும் பூட்டி வைத்தால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும், டயர் தேயும். வின்ச் என்றால் ஒருவர் ஸ்டியரிங்கில், இன்னொருவர் கம்பியை இழுத்துப்போய் மரத்தில் கட்டும் இடத்தில். குளிர்காலத்தில் மாட்டுக்கு வைக்கோல் போடும் வேலை இன்னும் சுவாரசியம். மிகத் தாழ்ந்த கியரில் வண்டி மனிதர் நடக்கும் வேகத்தில் தானே ஊர்ந்து போகும். பெரியவர் பின்தொட்டியில் நின்று வைக்கோலைத் தள்ள, மிதிகூட எட்டாத பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும். பண்ணைப் பிள்ளைகள் பலர் வண்டி ஓட்டப் பழகியது இப்படித்தான். கான்சாஸ் போன்ற மாநிலங்கள் 14 வயதிலேயே பண்ணை ஓட்டுநர் அனுமதி கொடுத்ததும் இந்த வாழ்க்கையை ஒட்டித்தான்.

இவற்றோடு பழுதுபார்ப்பும் சேர்கிறது. பவர் வேகனின் முகம் 1946 முதல் அமெரிக்க விற்பனை நின்ற 1968 வரை ஏறக்குறைய மாறவே இல்லை. வெளிநாட்டு ஆர்டர்களுக்காக அதற்குப் பிறகும் பத்தாண்டு அதைச் செய்துகொண்டிருந்தார்கள். விற்பனைக் கண்ணோட்டத்தில் இது சோம்பேறித்தனம். குடும்பத்தின் கண்ணோட்டத்தில் இதன் பயன் வேறு. அப்பா கற்றுக்கொண்ட வித்தை மகன் காலத்தில் காலாவதியாகவில்லை. ஒரு வண்டியின் உதிரிபாகம் பத்து வருடம் தள்ளி வந்த வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தியது. எஞ்சின் மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டியது. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலையில் தொடங்கிய பிள்ளை கார்புரேட்டரைக் கழற்றும் வேலைக்கு உயர்ந்தது. கற்றுக்கொடுத்தவரை மறக்காதது போலவே, கற்றுக்கொண்ட பொருளையும் மனம் மறப்பதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. முதலாவது, எஞ்சியிருக்கும் வண்டிகளை மட்டும் பார்த்து நாம் ஏமாறுகிறோம் என்பது. அச்சு முறிந்து பழைய இரும்புக் கடைக்குப் போனவை ஏராளம். நல்லபடியாக ஓடியவையே கதையில் நிற்கின்றன. 'அந்தக் காலத்து வண்டி உடையவே உடையாது' என்பவர்களுக்கு இது சரியான பதில். நான் சொல்வது வேறு. அது உடைந்ததுதான் அதன் பெருமை. மழையில் நின்றுபோனது, ஓடையில் சிக்கியது, பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து இழுத்துவிட்டது என்று, குடும்பங்கள் சொல்லும் கதைகளில் கோளாறுகளே அதிகம். சிக்கலில்லாமல் ஓடிய வண்டிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. அந்த வண்டிகள் ஆபத்தானவை. அமெரிக்காவில் புதிய பயணிகள் கார்களுக்கே சீட் பெல்ட் கட்டாயமானது 1968-ல்தான். பிள்ளைகள் திறந்த பின்தொட்டியில் உட்கார்ந்து போனார்கள். விழுந்து அடிபட்டவர்கள், உயிரிழந்தவர்கள் வீட்டில் அந்த வண்டி இனிய நினைவாக இருக்க முடியாது. அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் அந்த நஞ்சு, சாலை வாகனங்களுக்கான எரிபொருளிலிருந்து அமெரிக்காவில் முழுமையாக விலக்கப்பட்டது 1996-ல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாரிடமும் வேலை வாங்கியது என்று நான் பாராட்டும் அதே ஏற்பாட்டில், பெண்களின் உழைப்பும் பிள்ளைகளின் உழைப்பும் கூலியில்லாமல் கரைந்தன. இவற்றில் எதையும் மறுப்பதற்கில்லை, அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று கேட்பதற்கும் இல்லை. ஆனால் ஒரு பொருள் ஏன் நினைவில் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. அது நல்லதா என்பது வேறு கேள்வி. அம்மியில் அரைத்த கைக்கு வலி தெரியும், மிக்சி வந்தது நிம்மதி. ஆனாலும் எந்தக் கல் எப்படி அரைக்கும் என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். வலியும் நினைவும் ஒரே இடத்திலிருந்து வருவதில் வியப்பில்லை.

இன்றைய பிக்கப்பும் ஐம்பது வருடம் கழித்து இதே போல நினைக்கப்படும், ஒவ்வொரு தலைமுறைக்கும் அதனதன் வண்டி என்பார்கள் சிலர். இருக்கலாம். இழுக்கும் சக்தியிலும் பாதுகாப்பிலும் அது பழையதைப் பல மடங்கு மிஞ்சுகிறது என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அது நம்மிடம் கேட்பது மிகக் குறைவு. வழுக்குவதைக் கணினி கண்டுபிடித்துச் சரிசெய்கிறது. கோளாறு என்றால் விளக்கு எரிகிறது; அந்த விளக்குக்குப் பொருள் சொல்ல நிறுவனத்தின் கருவி வேண்டியிருக்கிறது. சொந்த வண்டியைச் சொந்தமாகப் பழுதுபார்க்கும் உரிமைக்கே அமெரிக்கர்கள் சட்டம் கேட்க வேண்டி வந்தது. மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2012-ல் வாகனங்களுக்கு அந்த உரிமையை ஆதரித்து வாக்களித்தார்கள். கொலராடோ 2023-ல் பண்ணை இயந்திரங்களுக்கு அதற்கான சட்டம் இயற்றியது. பண்ணைக்காரர்கள் பழசுக்கு ஏங்கி இதைக் கேட்கவில்லை. அறுவடை நேரத்தில் இயந்திரம் நின்றால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க முடியாது என்பதால் கேட்டார்கள். கை வைக்க முடியாத பொருளோடு உறவு வளர்வது கடினம்.

இந்த வாதம் சரியென்றால், பழைய வண்டியைப் பேணும் முறையிலும் அது மாற்றம் கேட்கிறது. பவர் வேகன்களைக் கடைசி ஆணி வரை கழற்றி, புதிய எஞ்சின் வைத்து, கண்ணாடி போலப் பெயின்ட் அடித்து, புதிய வண்டியின் விலையை எங்கோ தாண்டிய தொகைக்கு விற்கும் பட்டறைகள் இன்று அமெரிக்காவில் இருக்கின்றன. விட்டுவைத்தால் துரு தின்றுவிடும், புதுப்பிப்பதுதான் காப்பாற்றுவது என்பது அவர்கள் தரப்பு. துருவை நிறுத்த வேண்டும், பிரேக்கைச் சீராக்க வேண்டும், சீட் பெல்ட் மாட்ட வேண்டும். இதில் விவாதமே இல்லை. ஆனால் பின்தொட்டியின் ஓரத்தில் கம்பி உரசித் தேய்ந்த தடம், கால் பட்டு வழவழப்பான மிதி, யாரோ வெல்டிங் வைத்து ஒட்டிய கோணல் தகடு ஆகியவை அழுக்கில்லை. அவை வேலையின் கையெழுத்து. அதை மெழுகித் துடைத்துவிட்டால் மிஞ்சுவது அந்த மாடலில் ஒரு வண்டி. அந்தக் குடும்பத்தின் வண்டி போய்விடும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பொருத்தத் தொடங்கியதால், அதே வம்சத்து வண்டிகள் நம் மலைப்பாதைகளிலும் பல பத்தாண்டுகள் சுமை ஏற்றிச் சென்றன. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதி, 50 வயது தாண்டிய சொந்த உபயோக வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனி எண் வரிசையில் பதிவுசெய்ய வழி செய்கிறது. அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டக் கூடாது என்றும் சொல்கிறது. முதல் நிபந்தனை வண்டியின் தடங்களைக் காக்கிறது. இரண்டாவது, நெரிசலையும் புகையையும் நினைத்தால் நியாயமானதே. ஆனால் அதோடு வண்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிடுகிறது. வேலை நின்ற பிறகு அந்த வேலையை அறிந்தவர்கள் நினைவில் மட்டுமே அது இருக்கும், அவர்களும் போய்விடும் வரை. ஆகவே கொட்டகையில் அப்படி ஒரு வண்டி நின்றால், பெயின்ட் கடைக்குப் போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். யார் எந்த வேலையைச் செய்தார்கள், எந்த மேட்டில் எந்த கியர், கடைசியாக யார் எதை மாற்றினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி, அதை வண்டியின் சாவியோடு சேர்த்து வையுங்கள்.