எதிர் வீடு, எதிரி வீடு இல்ல
காஞ்சிபுரம் தறியில நீளவாக்குல ஓடுறது பாவு, குறுக்கால போறது ஊடை. ரெண்டும் ஒரே திசையில ஓடினா அது வெறும் நூல், குறுக்கிட்டாத்தான் துணி. கோர்வைச் சேலையில உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். மூணு நாடா ஓட்டி, சேர்ற இடத்துல ரெண்டு ஊடையையும் கோத்துடுவாங்க.

நம்ம டிஎன்ஏவும் ரெண்டு இழைதான். அதோட அமைப்பை 1953-ல வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டாங்க. ஏ-வுக்கு எதிர்ல டி, ஜி-க்கு எதிர்ல சி. ஏ, ஜி பெருசு. டி, சி சின்னது. பெருசோட சின்னது சேர்றதாலதான் ஏணி முழுக்க ஒரே அகலம்.

சரி, எதுக்கு இந்த ஜோடி? வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டு ஓர் இழை பழுதாகும். செல் அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சிட்டு, எதிர் இழையைப் பார்த்துத் திரும்ப எழுதிக்கும். இந்த ரிப்பேர் தவறினா, புற்றுநோய் வரைக்கும்கூட போகலாம்.

அச்சு அசல் நகல் இல்லாமலே ஒரு பேக்கப்! தமிழ்ல ‘எதிர்’ன்னா பகை மட்டுமில்ல, நேர் முன்னால இருக்கிறதும்தான். நம்ம வீட்டுல ஏதாவது ஆச்சுன்னா, முதல்ல கண்ணுல படுறது எதிர் வீட்டுக்காரங்களுக்குத்தானே?