ஊக்கத்தின் ஊற்று

கந்தப்பளைத் தேயிலை மலைகளிற் கொழுந்து பறிக்கும் பெண், பனி விலகுமுன்னரே கூடையோடு புறப்படுகின்றாள். அவளை இயக்குவது யாது? வயிற்றுப்பாடு என்பது ஒரு விடை. ஆயினும், தேவை செயலாக மாற மூளையினுள்ளும் ஒரு வேலை நடைபெறவேண்டும். அதிற் பெரும்பங்கு கொள்வது டோபமின் என்னும் இரசாயனப் பொருள்.

இதன் ஆற்றலை 1957ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் காட்டினார். சர்ப்பகந்திச் செடியிலிருந்து கிடைக்கும் ரெசர்ப்பின் என்ற மருந்தை முயல்களுக்கு ஏற்றினார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் எல்-டோபாவைச் செலுத்தினார். அவை மீண்டும் எழுந்து நடமாடின. எல்-டோபா, மூளையில் டோபமினாக மாறுவது. பூனைக்காலி விதையில் அது உண்டென்பதைச் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் 1937இலேயே வெளியிட்டிருந்தனர். கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

டோபமினை இன்பப் பொருள் என்று கூறுவாருமுளர். அஃது முழு உண்மையன்று. டோபமின் குறைக்கப்பட்ட எலிகள் அருகில் வைத்த உணவை உண்கின்றன. தடையொன்றை ஏறிக் கடந்தாற் கிடைக்கும் மிகுந்த உணவையோ நாடுவதில்லை. விருப்பம் அற்றுப்போகவில்லை; அதன்பொருட்டு உழைக்கும் முனைப்பே குன்றிற்று.

முனைப்பு எவ்வாறு கூடிக் குறைகின்றது? வொல்ப்ராம் சுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து ஆராய்ந்தார். முதலிற் சாறு கிடைத்தபோது டோபமின் நரம்புக் கலங்கள் துடித்தெழுந்தன. ஓர் அடையாளத்தின் பின் சாறு வருமெனக் குரங்கு கற்றபின், அடையாளத்தைக் கண்டதுமே அவை எழுந்தன. அடையாளந் தோன்றியும் சாறு வராதபோது, அவற்றின் துடிப்பு வழக்கமான அளவிலுங் குறைந்தது. எதிர்பார்ப்புக்கும் பலனுக்கும் உள்ள வேறுபாட்டையே மூளை கணக்கிடுகின்றது.

மடுவத்திற் கொழுந்து நிறுக்கும் வேளையை எண்ணிப் பார்க்கலாம். நினைத்ததற்கு மேல் தராசு காட்டின், மறுநாட் கைகளுக்கு ஊக்கம் பிறக்கும். உழைத்தும் உரிய பலன் மீண்டும் மீண்டும் தவறின், உள்ளந் தளரும். பள்ளிப் பிள்ளைக்கும் இஃது பொருந்தும். சொன்ன சொல் காக்கப்படுவதும், சிறு முயற்சிக்கு உடனே பாராட்டுக் கிடைப்பதும் அடுத்த முயற்சிக்கு வித்தாகும்.

ஊக்கம் டோபமினால் மட்டும் அமைவதன்று. உணவு, உறக்கம், உடல்நலம், அன்பு யாவும் அதற்கு வேண்டும். ஒருவரைச் சோம்பேறி என்று இகழுமுன், அவருடைய உழைப்புக்குப் பலன் ஒழுங்காகக் கிடைத்ததா என்று கேட்பதே அறிவுடைமை.