இயங்க மறுக்கும் லினக்ஸ் மடிக்கணினி: அழித்தெழுதுவது முதல் வைத்தியமல்ல

மடிக்கணினி ஒன்றின் ஆளியை அழுத்தியதும் வழமையான முகப்புத் தோன்றாது, கறுத்த திரையில் ஓரிரு ஆங்கில வரிகள் மாத்திரம் தோன்றி உறைந்து நிற்கும்போது அதன் உரிமையாளருக்கு ஏற்படும் பதற்றம் சொல்லில் அடங்காதது. பல்கலைக்கழக மாணவரின் ஆய்வேடு, ஆசிரியரின் வினாத்தாள்கள், குடும்பத்தின் பல்லாண்டுப் புகைப்படங்கள் அனைத்தும் அந்தக் கறுப்புத் திரையின் பின்னால் புதையுண்டுவிட்டதாகவே அவர் எண்ணுகின்றார். பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபோர்மட் பண்ணினால் சரியாகிவிடும்." உண்மைதான், கணினி சரியாகிவிடும். ஆனால், அதனுள் இருந்தவை போய்விடும்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுறுத்தியது. விண்டோஸ் 11 இற்கோ டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். இதனால் நல்ல நிலையிலுள்ள பழைய மடிக்கணினிகளை வீசிவிட விரும்பாத பலர் உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் முதலான இலவச முறைமைகளை நாடினர். அவ்வாறு நாடியவர்களிற் கணிசமானோரை முதல் நாளிலேயே விரக்தியடையச் செய்வது, நிறுவிய லினக்ஸ் தொடங்க மறுப்பதாகும். இப்பிரச்சினையின் இயல்பை விளங்கிக்கொண்டால் அதன் பெரும்பகுதியை எவரும் தாமே தீர்த்துக்கொள்ள முடியும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'கணினி தொடங்கவில்லை' என்பது ஒரு நோயின் பெயரன்று. காய்ச்சலைப் போன்று அது ஓர் அறிகுறி மாத்திரமே. கணினி தொடங்குவதென்பது ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குத் தடி மாறும் அஞ்சலோட்டத்தை ஒத்தது. தாய்ப்பலகையிற் பதிக்கப்பட்டுள்ள அடிப்படைச் செய்நிரல் முதலாமவர். வன்தட்டிலுள்ள தொடக்கி இரண்டாமவர். லினக்ஸைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் 'கிரப்' என்ற செய்நிரலாகும். 'கேர்னல்' எனப்படும் லினக்ஸின் கரு மூன்றாமவர். கோப்புகளைத் திறந்து, சேவைகளை ஆரம்பித்து, பாவனையாளரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் பகுதி நான்காமவர். தடி எவ்விடத்தில் கீழே விழுந்தது என்பதைக் கண்டறிவதே பழுதுபார்த்தலின் முதற்படி. திரையில் எதுவரை தோன்றியது என்பதே அதற்கான தடயம்.

ஆயினும், எந்தப் பரிசோதனைக்கும் முன்னர் செய்யவேண்டிய கடமை ஒன்றுண்டு. லினக்ஸை நிறுவுவதற்குப் பயன்படுத்திய அதே யூ.எஸ்.பி. பென் டிரைவினாற் கணினியைத் தொடக்கி, 'நிறுவாமல் முயன்று பார்க்க' என்ற தெரிவினுள் நுழைந்தால், வன்தட்டைத் தொடாமலேயே முழுமையான லினக்ஸ் ஒன்று நினைவகத்தில் இயங்கும். அங்கிருந்து வன்தட்டின் பிரிவுகளைத் திறந்து, தேவையான கோப்புகளை வேறொரு வெளித்தட்டுக்குப் பிரதி செய்துகொள்ளலாம். தட்டு மறையீடு செய்யப்பட்டிருப்பின் அதற்குரிய கடவுச்சொல் வேண்டும். தொடக்கம் பழுதடைந்தது என்பதற்காகக் கோப்புகள் அழிந்துவிடுவதில்லை. வீட்டின் முன்கதவுப் பூட்டு இறுகிவிட்டால் வீட்டை இடிப்பாரில்லை. பின்கதவால் உள்ளே செல்வதே முறை.

இனி, தடி விழும் இடங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது இடம், தொடக்கியே அகப்படாத நிலை. தொடக்கத்தக்க சாதனம் எதுவுமில்லை என்ற செய்தி தோன்றும். அல்லது லினக்ஸை நிறுவிய பின்னரும் கணினி நேரே விண்டோஸிற்குச் சென்றுவிடும். 1981 இல் ஐ.பி.எம். தனது தனிநபர்க் கணினியை அறிமுகப்படுத்திய காலந்தொட்டு 'பயோஸ்' என்ற அடிப்படைச் செய்நிரலே கணினிகளைத் தொடக்கிவந்தது. அது தட்டின் முதல் 512 பைட்டுகளை வாசிக்கும். அவற்றுள் 446 பைட்டுகளே தொடக்கிக்கு உரியவை. இந்த நெருக்கடியிலிருந்து விடுபடவே 'யூ.ஈ.எப்.ஐ.' என்ற புதிய ஏற்பாடு உருவானது. அதற்கான அமைப்பு 2005 இல் நிறுவப்பட்டது. இப்புதிய முறையில், தட்டிலே தனியாக ஒதுக்கப்பட்ட சிறு பிரிவொன்றில் தொடக்கிகள் சாதாரண கோப்புகளாக வைக்கப்படுகின்றன. எந்தக் கோப்பை முதலில் அழைப்பது என்ற பட்டியல் தாய்ப்பலகையின் நினைவிலே இருக்கும்.

பழைய முறை, புதிய முறை இரண்டையும் ஏற்கும் மடிக்கணினிகளிலேயே சிக்கல் அதிகம். விண்டோஸ் புதிய முறையிலும் லினக்ஸ் பழைய முறையிலும் நிறுவப்பட்டால் ஒன்றையொன்று காணாது. எனவே, இரண்டையும் ஒரே முறையில் நிறுவுதல் வேண்டும். முறை சரியாக இருந்தும் விண்டோஸே வருமாயின், பட்டியலின் ஒழுங்கு மாறியிருக்கக்கூடும். கணினியைத் தொடக்கும்போது எப்2, எப்12, எஸ்கேப், டிலீட் ஆகியவற்றுள் தயாரிப்பாளர் குறித்த விசையை அழுத்தி, அமைப்புப் பக்கத்தினுள் சென்று லினக்ஸின் பெயரை மேலே கொணர்ந்தாற் போதுமானது. பட்டியலில் அப்பெயரே இல்லையெனில் தொடக்கியை மீள நிறுவ வேண்டும். அதனைப் பின்னர் பார்ப்போம்.

இரண்டாவது இடம், தொடக்கி அகப்பட்டும் அனுமதி மறுக்கப்படும் நிலை. 2012 இல் விண்டோஸ் 8 உடன் பரவலான 'செக்யூர் பூட்' என்ற ஏற்பாடு, நம்பத்தக்க கையொப்பம் இடப்பட்ட தொடக்கியை மாத்திரமே இயங்கவிடும். தீய நிரல்கள் கணினியின் அடித்தளத்தைக் கைப்பற்றாது தடுப்பதே அதன் நோக்கம். ஏறக்குறைய எல்லாத் தனிநபர்க் கணினிகளிலும் பதிக்கப்பட்டிருப்பது மைக்ரோசொப்டின் சாவியாகையால், பிரதான லினக்ஸ் வெளியீடுகள் 'ஷிம்' என்ற சிறிய முன்நிரலுக்கு அந்நிறுவனத்தின் கையொப்பத்தைப் பெற்றுக்கொள்கின்றன.

இந்த ஏற்பாடு எவ்வளவு நுண்ணியது என்பதை 2024 ஓகஸ்ட் மாதம் உணர்த்தியது. அம்மாதம் 13 ஆம் திகதி வெளியான விண்டோஸ் புதுப்பிப்பு, பாதுகாப்புக் குறையுள்ள பழைய லினக்ஸ் தொடக்கிகளைத் தடைசெய்யும் நோக்குடையது. இரண்டு முறைமைகளையும் கொண்ட கணினிகளை அது தொடாது என அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும், அத்தகைய கணினிகள் பலவற்றையும் அது பாதித்தது. முதல்நாள் வரை ஒழுங்காக இயங்கிய லினக்ஸ், மறுநாள் பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டதாகக் கூறி நின்றுவிட்டது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸினுள் நுழைந்து, 'மொக்யூட்டில்' என்ற கருவியினால் அந்தத் தடைப்பதிவை நீக்கி, ஷிம்மைப் புதுப்பித்த பின்னர் மீண்டும் செக்யூர் பூட்டை இயக்குவதே பரிகாரமாக அமைந்தது. மைக்ரோசொப்டின் நிரந்தரத் திருத்தம் 2025 மே மாதத்திலேயே வெளியானது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அதே கணினியிலுள்ள விண்டோஸ் 'பிட்லொக்கர்' மூலம் மறையீடு செய்யப்பட்டிருப்பின், செக்யூர் பூட்டில் மாற்றம் செய்தவுடன் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியை அது கேட்கக்கூடும். அச்சாவியை முன்கூட்டியே குறித்துவைக்காதவர் லினக்ஸைக் காப்பாற்றப்போய் விண்டோஸை இழக்க நேரிடும்.

மூன்றாவது இடம், கிரப் தொடங்கியும் வழி தெரியாது நிற்கும் நிலை. திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்ற சொற்களும் ஒரு குறியும் மாத்திரம் தெரியும். விண்டோஸிலிருந்து வன்தட்டின் பிரிவுகளை நீக்கியவர்கள், அளவை மாற்றியவர்கள் பலர் காண்பது இதனையே. கிரப் தனது எஞ்சிய கோப்புகள் இருந்த பிரிவைத் தேடுகின்றது. அது இருந்த இடத்தில் இல்லை. எல், எஸ் என்ற இரு சிற்றெழுத்துகளைத் தட்டினால் பிரிவுகளின் பட்டியல் தோன்றும். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து லினக்ஸ் உள்ள பிரிவைக் கண்டறிந்து கிரப்பிற்கு அறிவித்தால் அம்முறை மாத்திரம் கணினி தொடங்கும்.

நிரந்தரத் தீர்வுக்குப் பென் டிரைவ் மீண்டும் கைகொடுக்கும். முதலில் அதனை, லினக்ஸ் நிறுவப்பட்ட அதே முறையில் தொடக்க வேண்டும். பின்னர் வன்தட்டிலுள்ள லினக்ஸ் பிரிவையும், புதிய முறையாயின் தொடக்கிகள் உள்ள சிறு பிரிவையும் இணைத்து, 'சேஞ்ச் ரூட்' என்ற வழியால் அந்த லினக்ஸினுள் நுழைந்து, 'கிரப் இன்ஸ்டோல்', 'அப்டேட் கிரப்' ஆகிய கட்டளைகளை வரிசையாக இயக்க வேண்டும். உபுண்டு வகையினருக்கு இப்பணியைத் தானாகவே செய்துமுடிக்கும் 'பூட் ரிப்பெயர்' என்ற கருவியும் உண்டு. பாவனையாளரின் கோப்பு எதனையும் இப்பணி தொடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நான்காவது இடம், கிரப்பின் பட்டியல் தோன்றி, லினக்ஸைத் தெரிவுசெய்ததும் திரை இருண்டுவிடும் நிலை. முறைமை உள்ளே இயங்கிக்கொண்டிருக்கும். படம் மாத்திரம் வராது. வரைவியல் சில்லுக்கும் லினக்ஸ் கருவுக்கும் ஒத்துவராமையே பெரும்பாலும் காரணம். என்விடியா வகைச் சில்லுள்ள மடிக்கணினிகளில் இது அடிக்கடி நிகழ்வது. பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று ஆரம்பிக்கும் வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்து, எப்10 விசையை அழுத்தினால் சாதாரண தரத்திலான படத்துடன் முறைமை திறக்கும். இம்மாற்றம் ஒருமுறைக்கே செல்லுபடியாகும். உள்ளே சென்றதும் உரிய சாரதி மென்பொருளை நிறுவுவதே முழுமையான தீர்வு. அதே வரியிலுள்ள 'குவாயட்', 'ஸ்பிளாஷ்' என்ற சொற்களை நீக்கிவிட்டால், மறைந்திருந்த செய்திகள் திரையில் ஓடும். எந்த வரியுடன் ஓட்டம் நின்றது என்பதைக் குறித்துக்கொள்வது வேறு பல நோய்களுக்கும் நல்ல பரிசோதனையாகும்.

ஐந்தாவது இடம், கரு தொடங்கியும் கோப்புகளைத் திறக்க இயலாத நிலை. மின்கலம் செயலிழந்த மடிக்கணினியை நேரடி மின்னில் இயக்குவோர், திடீர் மின்தடையின்போது இதற்கு ஆளாகின்றனர். எழுதிக்கொண்டிருந்த கோப்பு இடைநடுவில் நின்றுவிட, மறுமுறை தொடக்கும்போது 'இனிட்ராம்எப்எஸ்' என்ற குறியுடன் கணினி நின்றுவிடுகின்றது. 'எப்எஸ்சிகே' என்ற கட்டளையுடன் உரிய பிரிவின் பெயரைக் கொடுத்தால் பெரும்பாலான வழுக்கள் திருத்தப்படும். பயன்பாட்டில் இணைந்திருக்கும் பிரிவின்மீது இதனை ஒருபோதும் இயக்கலாகாது. தட்டிலிருந்து விநோதமான ஒலி எழுந்தாலோ, வாசிப்பு வழுக்கள் தொடர்ந்து தோன்றினாலோ தட்டே சாகும் தறுவாயில் உள்ளது என்பதே பொருள். அப்போது முதலிற் பிரதி, பின்னரே திருத்தம்.

அவசர நிலை என்ற அறிவித்தலுடன் நிற்பதற்கோ, கழற்றப்பட்ட தட்டொன்றின் பெயர் இணைப்புப் பட்டியலில் எஞ்சியிருப்பது அடிக்கடி காரணமாகும். கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் மீண்டும் மீண்டும் அதே கேள்வி கேட்கப்பட்டால், தட்டில் இடம் நிரம்பியுள்ளதா எனப் பார்த்தல் நன்று.

நிறுவும் கட்டத்திலேயே தவிர்க்கத்தக்கவையும் சில உண்டு. பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடாது பென் டிரைவில் எழுதுவது அவற்றுள் ஒன்று. விண்டோஸின் 'விரைவுத் தொடக்கம்' என்ற வசதியை நிறுத்தாமை மற்றொன்று. இவ்வசதி இருக்கும்போது விண்டோஸ் முழுமையாக மூடப்படாமல் அரைத்துயிலில் இருப்பதால், அதன் பிரிவுகளை லினக்ஸிலிருந்து மாற்றுவது ஆபத்தானது. சில இன்டெல் மடிக்கணினிகளில் வன்தட்டு 'ரெய்ட்' முறையில் வைக்கப்பட்டிருப்பதனால் நிறுவியின் கண்ணுக்கே அது புலப்படுவதில்லை. அதனை 'ஏ.எச்.சி.ஐ.' முறைக்கு மாற்றலாம். ஆனால், விண்டோஸை அதற்கு முன்னதாகவே ஆயத்தப்படுத்தாவிடில் விண்டோஸ் தொடங்காது.

இவையனைத்தும் தொழில்நுட்ப விபரங்களே எனச் சிலர் கருதலாம். ஆயினும், இவற்றின் அடியில் உரிமை பற்றிய கேள்வியொன்று இருக்கின்றது. பணம் கொடுத்து வாங்கிய கணினியில் எந்த முறைமை இயங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் சாவி யார் கையில் இருக்க வேண்டும்? கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2011 ஆம் ஆண்டிலேயே இக்கேள்வியை எழுப்பியது. சாதாரண மடிக்கணினிகளிற் பெரும்பாலானவை செக்யூர் பூட்டை நிறுத்தவோ, சொந்தச் சாவியைச் சேர்க்கவோ இன்றும் இடமளிக்கின்றன. அந்த வாசல் திறந்திருக்கும் வரையே பழைய கணினிக்கு இரண்டாம் வாழ்வு சாத்தியம். மறுபுறத்தில், பாதுகாப்பு ஏற்பாட்டை முற்றாக வெறுத்தொதுக்குவதும் விவேகமன்று. கதவுக்குப் பூட்டு வேண்டும். சாவி வீட்டுக்காரரிடமும் இருக்க வேண்டும் என்பதே நியாயம்.

எனவே, கறுப்புத் திரையைக் கண்டு கலங்கும் வாசகர் நினைவிற்கொள்ள வேண்டியவை மூன்று: முதலிற் கோப்புகளைப் பிரதி செய்க, திரையில் தோன்றும் செய்தியை எழுத்துப் பிசகாமற் குறித்துக்கொள்க, ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மாத்திரம் செய்து விளைவை அவதானிக்க. கடைக்கே எடுத்துச் செல்ல நேர்ந்தாலும், "உள்ளேயிருப்பவற்றை எடுத்த பின்னர் எதையும் செய்யுங்கள்" என்று கூறும் உரிமை உங்களுடையது. வன்தட்டை அழித்தெழுதுவதற்குச் சில நிமிடங்கள் போதும். அதில் அழிந்துபோன ஆய்வேட்டை மீண்டும் எழுத எத்தனை மாதங்கள் வேண்டும் என்பதை அதனை எழுதியவரே அறிவார்.